உப்போடு சீனி எதற்கு?

பாளையங்கோட்டை

அன்புள்ள சரோ,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பேதி நின்று, இட்லி கேட்டுச் சாப்பிடுகிறான் என்ற வரி வரும்வரை பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படித்தேன். அதற்கப்புறம்தான் முதலிலிருந்து நிதானமாகப் படித்தேன். இங்கே எல்லோரும் சுகம். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டு மூலைகளில் இருக்கிற ஒட்டடை எல்லாம் கண்ணில் படுகிறதாம், தினமும் ஒன்று கண்டுபிடித்துச் சொல்கிறார். வசந்தா மகளோடு போய் அமெரிக்காவில் இருக்கிறாள், குளிர் தாங்கவில்லை என்று புலம்பல்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். பேதிக்குக் கொடுக்கிற உப்புத் தண்ணீரில் சீனி எதற்கு, ருசிக்கா, தெம்புக்கா? இன்னொன்று, உனக்கு டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரை, சர்க்கரையை மூத்திரத்தில் தள்ளிவிடுமாமே, அது எப்படி, பயமில்லையா? ஏட்டி, நீ இரண்டு கேள்வி கேட்டதாக நினைக்கிறாய். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. இரண்டுக்கும் பதில் செல்லைச் சுற்றியிருக்கிற சவ்வில் இருக்கிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அந்தப் பாடம் நடத்தினவளிடம் கேட்டுவிட்டாய். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

சீனி ருசிக்கும் இல்லை, தெம்புக்கும் இல்லை. அது கூட இல்லாவிட்டால் உப்பு குடல் செல்லுக்குள் சரியாகப் போகாது. உப்பு போகாவிட்டால் தண்ணீரும் போகாது. இதுதான் பதில். ஏன் போகாது என்பதுதான் சுவாரசியம்.

செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்புகிற தலை ஒன்றும், தண்ணீரை அண்டவிடாத வால் இரண்டும் உண்டு. தண்ணீரில் விட்டால் அவை தாமாகவே இரண்டு அடுக்காக அணிவகுத்துக்கொள்ளும். தலைகள் வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை, வால்கள் எல்லாம் நடுவே. யாரும் கட்டவேண்டாம், ஒட்டவேண்டாம். மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய ஒன்று இரண்டு அடுக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், அந்தக் கதை ஒரு அடுக்களையில் தொடங்குகிறது. வகுப்பில் அதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை. போர்ஷன் முடிக்கவேண்டுமே.

ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊரில் ஆக்னஸ் பொக்கல்ஸ் என்று ஒரு பெண். அந்தக் காலத்தில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கமாட்டார்கள். தம்பி இயற்பியல் படிக்கப் போனான், இவள் நோயாளிப் பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருந்தாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு படர்கிற விதத்தைப் பார்த்துப் பார்த்து, தகரத் தொட்டி ஒன்று செய்து, அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டையை நகர்த்தி, தண்ணீரின் மேல் மிதக்கிற எண்ணெய்ப் படலத்தை நெருக்கியும் தளர்த்தியும் அளந்தாள். பல வருஷம் யாருக்கும் தெரியாது. 1891இல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினாள். அவர் மனைவி அதை மொழிபெயர்த்துக் கொடுக்க, படித்துப் பார்த்த அவர் அதை 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு அனுப்பி அச்சிட வைத்தார். கடிதம் போட்டால் என்ன நடக்கும் என்று பார்த்தாயா? நீயும் நானும் எத்தனை கடிதம் எழுதியிருக்கிறோம், ஒருத்தரும் அச்சிடவில்லை.

அந்தத் தொட்டியைத்தான் லாங்மியூர் என்ற அமெரிக்கர் பிறகு செம்மைப்படுத்தினார். இப்போது அது அவர் பெயரில் வழங்குகிறது. அவருக்கு நோபல் கிடைத்தது 1932இல். அதே வருஷம்தான் ஆக்னஸுக்கு அவள் ஊர்க் கல்லூரி ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, எழுபது வயதில். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

1925இல் நெதர்லாந்தின் லைடனில் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் கிரெண்டல் என்ற அவருடைய உதவியாளரும் ரத்தச் சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டார்கள். தேர்வு அருமையான தேர்வு. நம்முடைய சிவப்பணுவில் உட்கரு கிடையாது, உள்ளே வேறு சவ்வுகளும் கிடையாது. அதிலிருந்து எடுக்கிற கொழுப்பு முழுக்க வெளிச்சவ்வின் கொழுப்புதான். எடுத்த கொழுப்பை அந்தத் தொட்டித் தண்ணீரில் ஒரே அடுக்காகப் பரப்பினால், சிவப்பணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் சவ்வு இரண்டு அடுக்கு. உண்மையில் அவர்கள் அசிட்டோனால் கொழுப்பை முழுவதுமாக எடுக்கவில்லை, சிவப்பணுவின் பரப்பையும் குறைத்து அளந்திருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை சரியாக வந்துவிட்டது! பரீட்சையில் இப்படி யாராவது செய்தால் நான் மதிப்பெண் போட்டிருக்கமாட்டேன்.

பாடப்புத்தகப் படத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. உருண்டைக்கு இரண்டு கால் வைத்து, வரிசையாக நிற்க வைத்து, நடுநடுவே புரதத்தை நட்டு வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அதைச் சுவர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது திரவம். ஒரு கொழுப்பு மூலக்கூறு ஒரே நொடியில் ஒரு பாக்டீரியாவின் நீளத்துக்கு நகர்ந்துவிடும். 1970இல் ஃபிரை, எடிடின் என்ற இருவர் எலியின் செல்லையும் மனித செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் புரதங்களுக்கும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் சாயம் பூசிப் பார்த்தார்கள். முதலில் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம். உடல் சூட்டில் நாற்பது நிமிஷம் வைத்தால் இரண்டும் முழுக்கக் கலந்துவிட்டன. குளிரில் வைத்தால் கலக்கவில்லை. இதையெல்லாம் சேர்த்துத்தான் 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் சவ்வு என்பது புரதங்கள் மிதக்கிற கொழுப்புத் திரவம் என்று எழுதினார்கள். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்துபோகிறது, பக்கத்திலேயே இருக்கிற நல்லெண்ணெய் உறைவதில்லை, இல்லையா? அதே கணக்குதான். வால் நேராக இருந்தால் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு உறையும், வாலில் வளைவு இருந்தால் உறையாது. குளிர்நீர் மீன்களின் சவ்வில் வளைந்த வால்கள் கூடுதலாக இருப்பதும் இதனால்தான்.

இப்போது உன் உப்புக்கு வருகிறேன். நடுவே இருக்கிற எண்ணெய்ப் பகுதியை ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் சுலபமாகத் தாண்டிவிடும். உப்பு தண்ணீரில் கரைந்ததும் மின்னேற்றம் உள்ள சோடியமாகவும் குளோரைடாகவும் பிரிந்துவிடும். அவை தண்ணீரைத் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்பவை, எண்ணெய்க்குள் இறங்காது. குளுக்கோஸும் அப்படித்தான். அதனால் ஒவ்வொன்றுக்கும் சவ்வில் ஒரு புரதக் கதவு வேண்டியிருக்கிறது. தண்ணீருக்கே தனிக் கதவு உண்டு. பீட்டர் அக்ரே என்பவர் ஆர்.எச். ரத்த வகைப் புரதத்தைத் தேடப்போய், கூடவே ஒட்டிக்கொண்டு வந்த வேறொரு புரதத்தை விடாமல் துரத்தினார். 1992இல் அதைத் தவளை முட்டையில் உற்பத்தியாக வைத்து, முட்டையை உப்புக் குறைந்த தண்ணீரில் போட்டார். சாதாரண முட்டை சும்மா கிடந்தது, இந்தப் புரதம் உள்ள முட்டை ஊதி வெடித்தது. தண்ணீர்க் கதவு கிடைத்துவிட்டது, 2003இல் நோபலும் வந்தது. அந்தக் கதவு ஒன்றின் வழியே ஒரு நொடிக்குச் சுமார் முந்நூறு கோடி தண்ணீர் மூலக்கூறுகள் போகின்றன, ஆனால் அதைவிடச் சிறிய ஒரு புரோட்டான்கூட நழுவாது. யாரைப் பாராட்டுவதென்று தெரியவில்லை.

ஆனால் கதவு இருந்தால் மட்டும் போதாது, தள்ளுவதற்கு ஒரு விசை வேண்டும். அந்த விசையைத் தயாரிப்பது சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும், அதற்குச் செல்லின் சக்தி மூலக்கூறான ஏ.டி.பி. ஒன்று செலவு. டென்மார்க்கின் ஸ்கூ 1957இல் நண்டுக் கால் நரம்பிலிருந்து இதைக் கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டு நீட் பையனைக் கேட்டால் தூக்கத்தில்கூட "மூன்று வெளியே, இரண்டு உள்ளே" என்பான். எதற்காக என்று கேட்டால் முழிக்கிறான். சும்மா படுத்திருக்கும்போதுகூட உடல் செலவிடும் சக்தியில் கணிசமான பங்கு இந்த பம்புக்கே போகிறது. அந்தச் செலவின் பலன், செல்லுக்கு வெளியே சோடியம் பத்து மடங்குக்கும் மேல் அதிகமாகக் குவிந்து, உள்ளே நுழையத் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துடிப்புதான் விசை.

குடல் செல்லின் உணவு பக்கச் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி-1 என்று ஒரு கதவு இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அது உள்பக்கம் திரும்பும். சோடியத்தின் துடிப்பில் குளுக்கோஸும் ஏறி வந்துவிடுகிறது. அமெரிக்காவின் ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரக் கூட்டமொன்றில் இந்த யோசனையை முதலில் சொன்னார். உள்ளே வந்த சோடியத்தை மறுபக்கத்து பம்ப் ரத்தத்தின் பக்கம் தள்ளிவிடும், குளுக்கோஸ் இன்னொரு கதவால் வெளியேறும், தண்ணீர் பின்னாலேயே வரும். உன் பேரனுக்குக் கொடுத்த டம்ளரில் நடந்தது இவ்வளவும்தான்.

காலராவில்தான் இதன் அருமை புரியும். காலரா நஞ்சு குடல் செல்லைக் கொல்லவே கொல்லாது. 1959இல் கல்கத்தாவின் சம்பு நாத் டே, முயலின் குடலில் அந்த நஞ்சைச் செலுத்தி அதன் வேலையைக் காட்டினார். நம்மவர், ஆனால் நம் பாடப்புத்தகத்தில் பெயரைத் தேடினால் கிடைக்காது. அந்த நஞ்சு சவ்வின் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கொழுப்பைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து, குளோரைடு வெளியேறும் கதவை மூடவிடாமல் பிடித்துவிடும். குளோரைடும், அதன் பின்னே சோடியமும் தண்ணீரும் கொட்டிக்கொண்டே போகும், கடுமையானால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட. சாதாரண உப்பு உறிஞ்சும் வழியும் அடைபட்டுவிடும். அதனால் வெறும் உப்புத் தண்ணீர் குடித்துப் பயனில்லை. ஆனால் குளுக்கோஸோடு சோடியம் ஏறுகிற கதவை அந்த நஞ்சு தொடுவதே இல்லை. ஒரு கதவு மட்டும் திறந்தே இருக்கிறது, அதன் வழியே தண்ணீரை உள்ளே அனுப்பலாம்!

1968இல் டாக்காவில் நாலின், கேஷ் என்ற இளம் மருத்துவர்கள் காலரா நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே, பயிற்சி இல்லாதவர் கையில் கொடுக்கலாமா என்பதில் பெரிய டாக்டர்களுக்கு நம்பிக்கை இல்லை. 1971இல் வங்கதேசப் போரில் அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் வந்து குவிந்தார்கள், காலரா பரவியது. அங்கே சிகிச்சை பார்த்த டாக்டர் திலீப் மகலநபிசுக்கு நரம்பில் ஏற்றுகிற சலைன் பாட்டில் போதவில்லை. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கல்கத்தாவில் கலந்து, பாலிதீன் பையில் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பினார்கள். முகாமில் டிரம்மில் கரைத்து வைத்து, சொந்தக்காரர்களே டம்ளரில் பிடித்துக் கொடுத்தார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 1978இல் 'லான்செட்' மருத்துவ இதழ், அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. மகலநபிஸ் 2022இல் காலமானார், பத்ம விபூஷண் அடுத்த வருஷம் வந்தது. விலை குறைந்த மருந்துக்கு மரியாதையும் குறைவாகத்தான் இருக்கும் போல. நானூறு ரூபாய் ஊசி என்றால் வாய் திறக்காமல் போட்டுக்கொள்கிறோம், உப்புச் சீனித் தண்ணீர் என்றால் "இதுதானா?" என்கிறோம்.

அளவில் ஒரு எச்சரிக்கை. 2002இல் உலக சுகாதார நிறுவனம் கரைசலை நீர்க்கச் செய்தது. இப்போது லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். சீனி கூடினால் கதவுக்கு மிஞ்சின சீனி குடலிலேயே நின்று, தண்ணீரை அங்கேயே இழுத்துவைத்துப் பேதியைக் கூட்டிவிடும். உன் மருமகள் கடையில் வாங்கின டெட்ரா பேக் பானம் இந்த வகைதான், இந்த உப்புச் சீனிக் கரைசலுக்குரிய ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் மட்டும் அதற்கு. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பானங்களில் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவிட்டது, அதுவும் எத்தனை வருஷம் கழித்து! அவளைத் திட்டாதே, பெட்டியில் அப்படிப் போட்டிருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள். இனிமேல் மருந்துக் கடையில் பவுடர் பாக்கெட் வாங்கச் சொல், எத்தனை மில்லியில் கரைக்கவேண்டும் என்று பாக்கெட்டில் பார்த்து அப்படியே கரைக்கச் சொல். அவசரத்துக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. இளநீர் குடிக்கலாம், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, அதை மட்டும் நம்பக்கூடாது. நம் அம்மாக்கள் உப்புப் போட்டுக் கொடுத்த கஞ்சி நல்ல மருந்துதான். அரிசி மாவுச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைவதால் ஒரேயடியாகச் சேராது. வேலூர் சி.எம்.சி.யில் ராமகிருஷ்ணாவின் குழு இன்னும் ஒரு படி போய், எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால் காலரா பேதி சீக்கிரம் குறைகிறது என்று 2000இல் காட்டியது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைக் கொழுப்பு அமிலமாக்க, அங்கேயும் சோடியம் ஏறுகிறது.

இனி உன் மாத்திரை. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கிறது. அதோடு போகிற 180 கிராம் அளவு குளுக்கோஸில் பெரும்பங்கை மீட்டு எடுப்பது குடல் கதவின் உடன்பிறப்பான எஸ்.ஜி.எல்.டி-2. சோடியமும் சர்க்கரையும் சேர்ந்து ஏறுகிற அதே வேலை. உன் டாபாகிளிஃப்ளோசின் அந்தக் கதவை அடைக்கிறது, தினம் எழுபது கிராம் போலச் சர்க்கரை வெளியே போய்விடும். இது ஒன்றும் நேற்று வந்த யோசனை இல்லை. 1835இல் ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து எடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள் இதே கதவுகளை அடைப்பது பின்னால் தெரியவந்தது. ஆனால் அது குடல் கதவையும் சேர்த்து அடைப்பதால் மாத்திரையாக உதவவில்லை. சிறுநீரகக் கதவை மட்டும் அடைக்கிற மருந்து செய்யத்தான் இத்தனை காலமாயிற்று. பிறவியிலேயே இந்தக் கதவு வேலை செய்யாதவர்கள் உண்டு. சிறுநீரில் சர்க்கரை போய்க்கொண்டே இருக்கும், பெரும்பாலும் வேறு தொந்தரவு இருக்காது. அதனால் பயப்படாதே. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிறது என்பது 2019, 2020இல் வந்த பெரிய ஆய்வுகளில் தெரிந்ததுதான்.

ஆனால் இரண்டு விஷயம். சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் பூஞ்சைத் தொற்று வரலாம், அரிப்பு இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல். அதைவிட முக்கியம், வாந்தி பேதி வந்தாலோ, சாப்பிட முடியாமல் கிடந்தாலோ, விரதம் இருந்தாலோ, ஆபரேஷன் வைத்தாலோ அந்த மாத்திரையை நிறுத்தவேண்டுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். ரத்தச் சர்க்கரை சரியாகவே காட்டும்போது கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறிவிடுகிற ஆபத்து இந்த மாத்திரையில் உண்டு. உனக்கு வெள்ளிக்கிழமை, சஷ்டி, ஏகாதசி என்று பட்டினி கிடக்கிற பழக்கம், அதுதான் எனக்குப் பயம். பேரனுக்கு வந்த பேதி உனக்கு ஒட்டியிருந்தால் என்ன செய்திருப்பாய்?

தை மாதம் செல்வி மகன் கல்யாணம், பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். நாகர்கோவில் வண்டியில் வா, திருநெல்வேலி ஸ்டேஷனில் இவர் வந்து கூட்டிக்கொள்வார். புதுக்கண் போட்டவர், உன்னைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார். வரும்போது கோயமுத்தூர் மைசூர்பாகு வேண்டாம், உனக்கும் ஆகாது எனக்கும் ஆகாது. அந்தக் கைத்தறிச் சேலை வாங்கி வா, காசு கொடுத்துவிடுகிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். மருமகளுக்கும் பேரனுக்கும் அன்பு.

உன்,
கோமு